கேமிங் லேப்டாப் சூடு: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி முடிந்து வெயில் ஏற ஆரம்பித்தால் போதும், எங்கள் சர்வீஸ் மேசைக்கு வருகிறவர்கள் கேட்பது சூட்டைப் பற்றித்தான். பர்கூரில் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகள், ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்துவிட்டு ராத்திரி ஆடுகிறவர்கள், பிள்ளைக்குக் கடன் வாங்கி லேப்டாப் எடுத்துக் கொடுத்த அப்பா அம்மாக்கள் என்று எல்லோரும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

படிக்கும்போது ஒரு வரிசையை மனதில் வையுங்கள். முதலில் காற்று, அடுத்து வாட், அதாவது சிப் எடுக்கிற மின்சாரம், கடைசியில்தான் சிப்பின்மேல் தடவுகிற பேஸ்ட். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். எடுத்த எடுப்பில் பேஸ்ட் மாற்றப் பணம் கொடுத்துவிட்டு, லேப்டாப்பை மறுபடியும் மெத்தைமேல் வைத்து ஆடுகிறார்கள். அந்தப் பணம் வீண்.

அண்ணா, ஆடும்போது 90 டிகிரி காட்டுது. போயிடுமா?

போகாது. கேமிங் லேப்டாப்பில் இருக்கிற இன்டெல் பிராசசர்களுக்குப் பெரும்பாலும் 100 டிகிரி எல்லை. ரைசன் பிராசசர்களுக்கு மாடலைப் பொறுத்து 95 முதல் 105 வரை. என்விடியா கிராபிக்ஸ் சிப் பல லேப்டாப்களில் 87 டிகிரியை ஒட்டித் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். எல்லையைத் தொட்டால் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அப்போதும் அடங்காவிட்டால் லேப்டாப் பட்டென்று அணைந்துவிடும். இரண்டும் பாதுகாப்புக்காக வைத்த ஏற்பாடுகள்.

கனமான கேமில் பிராசசர் 85 முதல் 92 வரையும், கிராபிக்ஸ் சிப் 75 முதல் 85 வரையும் இருந்தால் நிம்மதியாக ஆடுங்கள். பிராசசர் நிமிடக்கணக்கில் எல்லையிலேயே நின்று, 90 எஃப்பிஎஸ் (நொடிக்கு 90 படம்) ஓடிக்கொண்டிருந்த கேம் திடீரென்று 35க்கு இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கினால் கவனிக்க வேண்டும். அது நெட் கோளாறு என்று நினைத்து ரவுட்டரை மாற்றியவர்களும் உண்டு. பிங், அதாவது நெட் பதில் வர ஆகும் நேரம், சரியாக இருந்து எஃப்பிஎஸ் மட்டும் விழுந்தால் முதலில் சூட்டைச் சந்தேகப்படுங்கள்.

வெப்பநிலையை எதில் பார்ப்பது?

எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அதில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: பிராசசரின் அதிகபட்ச வெப்பநிலை, அது எத்தனை வாட் எடுக்கிறது, தெர்மல் த்ராட்லிங் (சூட்டால் வேகம் குறைவது) என்ற வரியில் "யெஸ்" வந்ததா என்பது. ஆடிக்கொண்டே திரையின் மூலையில் பார்க்க எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போட்டுக்கொள்ளலாம். பெயரில் எம்எஸ்ஐ இருந்தாலும் மற்ற கம்பெனி லேப்டாப்களிலும் வேலை செய்யும்.

கேம் திறந்து இரண்டு நிமிடத்தில் பார்த்த எண்ணை நம்ப வேண்டாம். சிப்பின் சூட்டை வாங்கி வெளியேற்றுகிற உலோகப் பாகமான ஹீட்சிங்க் முழுக்கச் சூடேறி ஒரு நிலைக்கு வர இருபது நிமிடமாவது ஆகும். ஒரே கேம், ஒரே இடம், அரை மணி நேரம் என்று வைத்துப் பார்த்தால்தான் நேற்றையும் இன்றையும் ஒப்பிட முடியும். கூடவே அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். சுவரில் மாட்டுகிற சின்ன தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைப்பது எந்தக் கூலிங் பேடையும்விட உபயோகமானது. ஏன் என்பது அடுத்த பதிலில் வருகிறது.

யூடியூப்ல அதே மாடல் 84 டிகிரிதான் காட்டுது. எனக்கு மட்டும் 97. என்னோடது டிஃபெக்ட் பீஸா?

பெரும்பாலும் இல்லை. அந்த வீடியோ 24 டிகிரி ஏசி அறையில் எடுத்ததாக இருக்கும். நீங்கள் சித்திரை மாதம், மாடி அறையில், 37 டிகிரியில் ஆடுகிறீர்கள்.

ஹீட்சிங்க் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிட இத்தனை டிகிரி மேலே என்றுதான் சிப்பை வைத்திருக்க முடியும். காற்றைவிடக் குளிராக அதனால் ஆக்கவே முடியாது. அதே வேலை, அதே வாட், அதே ஃபேன் வேகம் என்றால், அறை ஒரு டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். 24இல் 84 என்றால் 60 டிகிரி வித்தியாசம். 37உடன் 60ஐக் கூட்டினால் 97. உங்கள் லேப்டாப் அந்த வீடியோ லேப்டாப்பைப் போலவே சரியாக வேலை செய்கிறது.

இதை நம் ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. விமர்சனம் பார்த்து லேப்டாப் வாங்கும்போது அந்த எண்ணோடு பத்துப் பன்னிரண்டு டிகிரியைக் கூட்டிப் பாருங்கள். ஏசி அறையிலேயே 95 தொடுகிற மெல்லிய லேப்டாப், கத்திரி வெயிலில் தருமபுரியில் கொடுத்த விலைக்கு ஓடாது. கொஞ்சம் தடிமனான, பின்பக்கம் பெரிய காற்று வாய் உள்ள மாடல் பார்க்க அழகில்லாவிட்டாலும் நமக்கு அதுதான் சரி.

ஓசூர்க்காரர்களுக்கு இதில் ஒரு சலுகை இருக்கிறது. ஊர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தருமபுரியைவிட இதமாக இருக்கும். ஓசூரில் நன்றாக ஓடிய லேப்டாப் விடுமுறைக்கு அரூருக்கோ பென்னாகரத்துக்கோ வந்ததும் கத்த ஆரம்பித்தால் பயப்படாதீர்கள்.

நேரமும் முக்கியம். கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி வெகுநேரம் வரை கீழே இறக்கிக்கொண்டே இருக்கும். வெளியே காற்று குளிர்ந்துவிட்டாலும் மாடி அறைக்குள் ஒன்பது மணிக்கும் புழுக்கம்தான். சிமெண்ட் ஷீட் போட்ட அறை பகலில் கொதித்தாலும் பொழுது சாய்ந்ததும் சீக்கிரம் ஆறிவிடும். கோடையில் நீண்ட நேரம் ஆட வேண்டுமென்றால் விடியற்காலைதான் லேப்டாப்புக்கு நல்ல நேரம்.

மெத்தைமேல வைச்சு ஆடினா என்ன ஆகும்?

கேமிங் லேப்டாப் முழு வேகத்தில் பிராசசருக்கு 45 வாட், கிராபிக்ஸுக்கு 100 வாட் என்று சுமார் 150 வாட் சூட்டை வெளியே தள்ளுகிறது. பழைய 100 வாட் குண்டு பல்பு எரியும்போது கையால் தொட முடியாது, நினைவிருக்கும். அப்படி ஒன்றரை பல்பின் சூடு, இரண்டு விரல் தடிமனுள்ள பெட்டிக்குள்ளிருந்து வெளியேற வேண்டும். ஃபேன்களுக்கு வேண்டிய காற்று அடிப்பக்கத்திலிருந்துதான் வருகிறது. மெத்தை அந்த வழியை அடைத்துவிடும். இலவம்பஞ்சு மெத்தை என்றால் பஞ்சு இழைகளும் உள்ளே போய் ஃபேனில் சுற்றிக்கொள்ளும்.

கெட்டியான, சமமான மேசையில் வையுங்கள். பின்பக்கத்தை ஓர் அங்குலம் தூக்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் சின்ன மரக்கட்டை, பழைய புத்தகம், கேரம் காய் அடுக்கு, எது வேண்டுமானாலும் வைக்கலாம். அடியிலுள்ள ஓட்டைகளை மட்டும் மறைக்கக் கூடாது. இந்த ஒன்றிலேயே ஐந்து டிகிரி வரை இறங்குவதைப் பார்க்கலாம். ஒரு ரூபாய் செலவில்லை. பின்புறச் சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் வெளியே தள்ளிய சூடான காற்றே சுவரில் மோதித் திரும்பி அடியில் நுழையும்.

தூசி எவ்வளவு பெரிய பிரச்சினை?

நம் மாவட்டங்களில் பெரிய பிரச்சினை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

லேப்டாப்பின் அடியைப் பார்த்து "சுத்தமாத்தான் இருக்கு" என்கிறார்கள். அடைப்பு இருக்கும் இடம் வெளியிலிருந்து தெரியாது. ஃபேன் காற்றைத் தள்ளுகிற பக்கத்தில் மெல்லிய செம்பு, அலுமினியத் தகடுகள் நெருக்கமாக நிற்கும். தகட்டுக்குத் தகடு ஒரு மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். ஃபேனுக்கும் அந்தத் தகடுகளுக்கும் நடுவே தூசியும் முடியும் சேர்ந்து கம்பளித் துணி மாதிரி ஒரு படலம் உருவாகிறது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றும், சத்தமும் வரும், வெளியே கைவைத்தால் காற்று மட்டும் வராது. சத்தம் அதிகம், காற்று குறைவு என்றால் அடைப்பு என்று முடிவு செய்துகொள்ளலாம்.

தூசியிலும் வகைகள் உண்டு. கிருஷ்ணகிரியைச் சுற்றி கிரானைட் அறுக்கிற, பாலிஷ் போடுகிற இடங்கள் நிறைய. அங்கிருந்து பறக்கும் கல் மாவு மிகவும் நைசானது, கடினமானது. ஃபேன் பேரிங்கில் புகுந்தால் உராய்ந்து "கர்ர்" என்ற சத்தம் கொடுக்கும். அந்தப் பக்கம் வீடு உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தாக வேண்டும். தேசிய நெடுஞ்சாலை 44ஐ ஒட்டிய வீடுகளில் வண்டிப் புகையோடு சேர்ந்த புழுதி வரும். அது எண்ணெய்ப் பிசுக்குடன் ஒட்டிக்கொள்வதால் ஊதினால் போகாது, பிரஷ் வைத்துத்தான் எடுக்க வேண்டும். சமையலறைக்குப் பக்கத்தில் வைத்து ஆடினாலும் இதே பிசுக்கு சேரும்.

பட்டுப்புழு வளர்க்கிற வீடுகளுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. வளர்ப்பு மனையில் கிருமி நீக்கச் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் தூவுவோம். பிளீச்சிங் பவுடரிலிருந்து வரும் குளோரின் செம்பை அரிக்கும். சூட்டைக் கடத்துகிற ஹீட்பைப் குழாயும் மதர்போர்டில் உள்ள இணைப்புகளும் செம்புதான். மனைக்குள் லேப்டாப்பைக் கொண்டு போகவே வேண்டாம். பாட்டு கேட்க வேண்டுமென்றால் போன் போதும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடிமூடியைக் கழற்றிச் சுத்தம் செய்வது நம் ஊருக்குப் பொருத்தமான கணக்கு. நீங்களே செய்வதானால்: லேப்டாப்பை முழுமையாக ஷட்டவுன் செய்து சார்ஜரை எடுங்கள். திருகுகள் எல்லாம் ஒரே நீளமாக இருக்காது. ஒரு தாளில் லேப்டாப் படம் வரைந்து, எந்தத் திருகு எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள். மூடியை நெம்ப பிளாஸ்டிக் அட்டை எடுங்கள், கத்தியோ ஸ்க்ரூடிரைவரோ வேண்டாம். மூடி திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. பிறகு ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷும் கையடக்க புளோயரும் வைத்து, தகடுகளின் வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி ஊதுங்கள். உள்ளேயிருந்து ஊதினால் அந்தக் கம்பளிப் படலம் தகடுகளுக்கு நடுவே இன்னும் இறுகிவிடும்.

பஞ்சர் கடை கம்ப்ரஸர் காற்றுல ஊதிடலாமா?

வேண்டவே வேண்டாம். டயருக்கு அடிக்கிற காற்றில் ஈரமும் எண்ணெய்த் துளியும் கலந்து வரும். அழுத்தமும் மிக அதிகம். ஃபேன் அது தாங்கக்கூடிய வேகத்துக்குமேல் சுற்றி பேரிங் போகும், இறக்கை உடையும். வேகமாகச் சுற்றுகிற ஃபேன் மோட்டார் தானே மின்சாரம் உண்டாக்கி போர்டுக்குள் அனுப்பிவிடவும் வாய்ப்புண்டு. இறக்கையை விரலால் பிடிக்கச் சொன்னதற்கும் இதுதான் காரணம். வீடு பெருக்குகிற வேக்யூம் கிளீனரும் சரிவராது, அதன் குழாயில் நிலைமின்சாரம் சேரும்.

கூலிங் பேட் வாங்கலாமா?

மலிவான பேட்களில் பெரும்பயன் லேப்டாப்பைச் சாய்த்துத் தூக்கி வைப்பதுதான். அந்த வேலையை மரக்கட்டையும் செய்யும். கலர் லைட்டுக்கும் குளிர்ச்சிக்கும் சம்பந்தமில்லை. பேடின் ஃபேன் எங்கே இருக்கிறது, உங்கள் லேப்டாப்பின் அடி ஓட்டை எங்கே இருக்கிறது என்று பொருத்திப் பார்க்காமல் வாங்கினால் ஒன்றுக்கும் உதவாது.

சுற்றிலும் ஃபோம் வைத்து லேப்டாப்பின் அடியை மூடி, ஒரே பெரிய ஃபேனால் காற்றை அழுத்தி உள்ளே ஏற்றுகிற வகை உண்மையிலேயே வேலை செய்கிறது. விலை பல மடங்கு, சத்தமும் பலமாக இருக்கும். அதில் தூசி வடிகட்டி வருகிறதா என்று பாருங்கள். வடிகட்டி இல்லாவிட்டால் வெளியிலுள்ள புழுதியையும் சேர்த்து அழுத்தி உள்ளே அனுப்பும்.

செட்டிங்ஸ்ல என்ன மாத்தினா சூடு குறையும்?

என்னைக் கேட்டால் அதிகப் பலன் தருவதும், பணம் கேட்காததும், எதையும் கெடுக்காததும் இந்தப் பகுதிதான். எடுக்கிற வாட் குறைந்தால் சூடு குறையும், வேறு மந்திரம் கிடையாது.

முதலில் ஃபிரேம் எல்லை. உங்கள் திரை 144 ஹெர்ட்ஸ் என்றால் அது நொடிக்கு 144 படம்தான் காட்டும். வேலரண்ட் மாதிரி லேசான கேம் 250, 300 என்று ஓடினால் மீதிப் படங்களுக்குச் செலவான மின்சாரம் முழுவதும் சூடாக மாறுகிறது. என்விடியா கண்ட்ரோல் பேனலில் மேனேஜ் 3டி செட்டிங்ஸ் என்ற பக்கத்தில் மேக்ஸ் ஃபிரேம் ரேட் இருக்கிறது. அங்கே 140 என்று வைக்கலாம். ஜிடிஏ 5 போலக் கதையோடு போகிற கேம்களுக்கு 60 தாராளம். எல்லை வைக்காத சில கேம்களில் மெனு பக்கத்தில் சும்மா நிற்கும்போதே கிராபிக்ஸ் சிப் முழு வாட் எடுக்கும்.

அடுத்தது பிராசசர் டர்போ. விண்டோஸ் கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், அதில் பிராசசர் பவர் மேனேஜ்மென்ட், அதற்குள் மேக்ஸிமம் பிராசசர் ஸ்டேட். 100 என்றிருப்பதை 99 ஆக்குங்கள். ஒரே ஒரு சதவீதம் குறைத்தது போலத் தெரியும், நடப்பது வேறு. டர்போ வேகம் முழுவதும் நின்று பிராசசர் தன் அடிப்படை வேகத்தோடு நின்றுகொள்ளும். பத்துப் பதினைந்து டிகிரி சாதாரணமாக இறங்கும். கிராபிக்ஸை நம்பி ஓடுகிற கேம்களில் எஃப்பிஎஸ் இழப்பு குறைவு. பிராசசரை அதிகம் கேட்கிற போட்டி கேம்களில் இழப்பு நன்றாகத் தெரியும், அப்போது மறுபடி 100 வைத்துக்கொள்ளுங்கள். சில புது லேப்டாப்களில் இந்த வரியே மறைந்திருக்கும். அவர்கள் கம்பெனியின் சொந்த ஆப்பில், லெனோவோ வான்டேஜ், ஆர்மரி கிரேட், நைட்ரோசென்ஸ், எம்எஸ்ஐ சென்டர், ஓமன் கேமிங் ஹப் என்று எது உங்களுடையதோ அதில், டர்போ மோடிலிருந்து பேலன்ஸ்டுக்கு மாறினால் ஏறத்தாழ இதே பலன் கிடைக்கும்.

மூன்றாவது அண்டர்வோல்ட். அதே வேகத்தைக் குறைந்த வோல்டேஜில் ஓட்டுவது. கிராபிக்ஸ் சிப்புக்கு ஆஃப்டர்பர்னரில் கண்ட்ரோலையும் எஃப் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் ஒரு வளைகோடு வரும், அதில் செய்யலாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் ஆடிப் பாருங்கள். அளவு மீறினால் கேம் நின்றுபோகும், பழைய அளவுக்குத் திரும்பினால் சரியாகிவிடும். வோல்டேஜைக் குறைப்பதால் சிப் கெடாது. இன்டெல் பிராசசர்களில் 2019இல் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளியான பிறகு பல கம்பெனிகள் பயாஸில் (லேப்டாப்பை எழுப்புகிற அடிப்படை மென்பொருளில்) இந்த வசதியைப் பூட்டிவிட்டன. எச்எக்ஸ் என்று முடியும் மாடல்களில் பெரும்பாலும் திறந்திருக்கும். பூட்டியிருந்தால் அதோடு விட்டுவிடுங்கள். பயாஸை நோண்டி லேப்டாப் எழாமல் போனவர்கள் உண்டு.

பேஸ்ட் எப்போ மாத்தணும்?

காற்று வழியைச் சரிசெய்து, தூசி எடுத்து, வாட் குறைத்தும் பழைய எண்ணுக்கு வரவில்லை என்றால் அப்போது. சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே உள்ள பேஸ்ட், சூடாகி ஆறி சூடாகி ஆறி ஓரங்களுக்கு ஒதுங்கிவிடும், நாளடைவில் காயவும் செய்யும். நன்றாக ஆடுகிற லேப்டாப்பில் இரண்டு மூன்று வருடத்தில் அந்த நிலை வரலாம். பிராசசருக்குள் இருக்கிற கணக்குப் பகுதிகளான கோர்களில் ஒன்று 80இல் இருக்கும்போது பக்கத்துக் கோர் 98 காட்டினால் பேஸ்ட் ஒழுங்காகப் பரவியில்லை என்று அர்த்தம்.

ஆர்க்டிக் எம்எக்ஸ் வகைகள், நாக்டுவா போன்றவை நம்பகமானவை. லேப்டாப்புக்கு எனக்கு இன்னும் பிடித்தது ஹனிவெல் பிடிஎம்7950 ஷீட். அறைச்சூட்டில் மெழுகுத்தாள் போலிருந்து 45 டிகிரி அளவில் இளகிப் பரவும், அவ்வளவு எளிதில் ஓரத்துக்கு ஒதுங்காது. சந்தையில் போலி அதிகம், தெரிந்த இடத்தில் வாங்குங்கள். கடையில் கொடுத்தால் தெர்மல் பேடின் (சூட்டைக் கடத்துகிற மெத்தென்ற பட்டையின்) தடிமனைக் கேளுங்கள். கிராபிக்ஸ் மெமரிமேல் இருக்கிற பேடை அதே தடிமனில் மாற்றாவிட்டால், ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு நின்று சிப்பில் ஒட்டாமலே போகும். பேஸ்ட் மாற்றிய பிறகு சூடு கூடிவிட்டது என்று வருகிறவர்களின் லேப்டாப்பைத் திறந்தால் முதலில் நான் பார்ப்பது இந்தப் பேடைத்தான்.

ஆசுஸ் ஆர்ஓஜி வகைகள் பலவற்றில் கம்பெனியே திரவ உலோகம் வைத்து அனுப்புகிறது. அது மின்சாரம் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். பழக்கமில்லாத கையால் அதைத் திறக்க விடாதீர்கள்.

ஏர் கூலர் முன்னாடி வைச்சு ஆடலாமா?

பங்குனி, சித்திரையில் நம் பக்கம் காற்று வறண்டிருப்பதால் தண்ணீர் கூலர் அறையை நன்றாகவே குளிர்விக்கும். அறை ஆறு டிகிரி குறைந்தால் சிப்பும் ஆறு டிகிரி குறையும். ஆனால் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், மூடிய அறையில் ஈரம்தான் ஏறும். கூலர் வாய்க்கு நேராக லேப்டாப்பை வைக்காதீர்கள். போர் தண்ணீரில் உப்பு அதிகம், ஒரு துளி தெறித்துக் காய்ந்தாலும் போர்டில் வெள்ளைப் பூத்து அரிக்கும். மழைக்காலத்தில் கூலரை நிறுத்திவிட்டு டேபிள் ஃபேனைப் பக்கவாட்டில் வைப்பதே மேல்.

ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பது, ஐஸ் பாக்கெட்டை அடியில் வைப்பது இரண்டையும் யார் சொன்னாலும் செய்யாதீர்கள். உள்ளே தண்ணீர் கோர்த்துக்கொள்ளும்.

கரண்ட் போனா இன்வெர்ட்டர்ல ஆடலாமா? எங்க ஊர்ல வோல்டேஜும் கம்மி.

அடாப்டரின் மேல் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். மோட்டார் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் 170க்கு இறங்கினாலும் அது வேலை செய்யும். குறைந்த வோல்டேஜில் அதிக ஆம்பியர் இழுப்பதால் அடாப்டர்தான் கூடுதலாகச் சூடாகும். அதைத் தலையணைக்கு அடியிலோ மெத்தைமேலோ போடாமல் தரையில் காற்றுபட வையுங்கள். இன்வெர்ட்டரில், அதிலும் ஸ்கொயர் வேவ் வகையில், கனமான கேம் வேண்டாம். ஃபேனும் லைட்டும் ஓடுகிற இன்வெர்ட்டரில் இன்னொரு 200 வாட்டைச் சேர்த்தால் பேட்டரி சீக்கிரம் இறங்கும், கடைசியில் வீட்டிலுள்ளவர்கள் புழுக்கத்தில் படுப்பார்கள். கரண்ட் போனதும் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, வந்து சில நிமிடம் கழித்துச் சொருகுவது நல்ல பழக்கம்.

பெங்களூரு பஸ்ல பையில இருந்து எடுத்தா கொதிக்குது. ஆஃப் பண்ணித்தானே வைச்சேன்?

மூடியை மட்டும் மூடியிருப்பீர்கள். புது லேப்டாப்கள் பலவற்றில் ஸ்லீப் என்பது முழுத் தூக்கம் கிடையாது. போனைப் போல நெட்டில் தொடர்ந்து இருந்து, அப்டேட் வந்தால் விழித்துக்கொள்ளும். பைக்குள் காற்று இல்லை, கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு போகும்வரை உள்ளேயே வெந்துகொண்டிருக்கும். பேட்டரிக்கு இது மிகக் கெடுதல். பையில் வைக்குமுன் ஷட்டவுன் அல்லது ஹைபர்னேட் (திறந்த வேலையைச் சேமித்துவிட்டு முழுக்க அணைவது). பவர் ஆப்ஷன்ஸில் மூடியை மூடினால் ஹைபர்னேட் ஆகும்படி ஒருமுறை மாற்றிவிட்டால் அப்புறம் நினைவில் வைக்க வேண்டியதில்லை. வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் லேப்டாப்பை விட்டுப் போகாதீர்கள்.

தம்பி, பையன் விளையாடுறப்போ கீபோர்டு கையைச் சுடுது. வெடிச்சிடுமா?

பயம் நியாயமானதுதான் அம்மா. கீபோர்டின் நடுப்பகுதி சூடாவது இயல்பு, அதற்கு நேர் கீழே பிராசசர் இருக்கிறது. மணிக்கட்டு வைக்கிற பக்கம், பேட்டரி இருக்கும் இடம், அது சுட்டால்தான் கவனிக்க வேண்டும். டச்பேட் மேலே எழும்பி நிற்கிறதா, லேப்டாப்பைச் சமமான மேசையில் வைத்தால் ஆடுகிறதா, அடிமூடி பிளந்து தெரிகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் பேட்டரி உப்பியிருக்கிறது. உடனே அணைத்து, சார்ஜர் போடாமல், துணி, காகிதம் இல்லாத இடத்தில் வைத்து, அன்றே சர்வீஸுக்குக் கொண்டு போங்கள். ஊசியால் குத்தக் கூடாது, அமுக்கி மூடியைப் பூட்டவும் கூடாது. இந்த அறிகுறிகள் இல்லையென்றால் அவர் ஆடட்டும்.

எப்பவும் சார்ஜர்லயே போட்டு ஆடினா பேட்டரி போயிடுமா?

ஆடும்போது சார்ஜர் இருக்கத்தான் வேண்டும், பேட்டரியால் மட்டும் முழு வாட் கொடுக்க முடியாது. 100 சதவீதத்திலேயே சூட்டோடு நிற்பதுதான் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். கம்பெனி ஆப்பில் 60 அல்லது 80 சதவீதத்தோடு சார்ஜ் நிறுத்தும் வசதி இருக்கும். போட்டு வையுங்கள்.

திறந்தா வாரண்டி போயிடுமா?

கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வாரண்டி காலத்துக்குள் இருந்தால், திறக்குமுன் கஸ்டமர் கேருக்கு மெயில் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்வார்த்தை பின்னால் உதவாது.

பெங்களூரு எஸ்பி ரோட்ல செகண்ட் ஹேண்ட் எடுக்கப் போறேன். சூட்டை எப்படிச் சோதிக்கிறது?

பென்டிரைவில் எச்டபிள்யூஇன்ஃபோவையும் லேப்டாப்பை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கிற ஒரு இலவச ஸ்ட்ரெஸ் டெஸ்ட் மென்பொருளையும் போட்டு எடுத்துப் போங்கள். சார்ஜர் சொருகி அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்க விட்டால் மட்டும் பேசுங்கள். கடை ஏசியா, வெளியா என்று கவனித்து, நம் ஊர்க் கணக்கில் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு ஃபேனிலிருந்தும் ஒரே அளவு காற்று வருகிறதா என்று கைவைத்துப் பாருங்கள். அடித் திருகுகளில் தலை தேய்ந்திருந்தால் முன்பே பலமுறை திறந்திருக்கிறார்கள். டச்பேட், அடிமூடி, மூலைகளைப் பேட்டரிக்காகப் பாருங்கள். சோதனையின்போது பிராசசர் 95 தொட்டாலும் வாட் சீராக நின்றால் தூசியும் பேஸ்ட்டும் சரிசெய்து ஓட்டலாம், அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். நடுவில் தானாக அணைந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் எடுக்காதீர்கள்.